மல்லாட்டைக்காரர் ஜெயித்தால் காது குத்து

ஜார்ஜியா
4 மே 1975

தியாகுவுக்கு,

உன் அக்கா கிருஷ்ணவேணி எழுதுகிறேன். ஐந்து வருஷத்தில் என் கையெழுத்து உனக்கு மறந்திருக்கும், அதனால் பெயரை முதலிலேயே போட்டுவிட்டேன். நிவேதிதாவின் பிறந்த நாளுக்கு வருஷா வருஷம் ஒரு வரிகூட எழுதாமல் வெறும் அட்டை அனுப்புகிறாயே, அந்த உறையிலிருந்துதான் விலாசம் எடுத்தேன். டொராண்டோவில் பதினான்காவது மாடியாமே. கீழே இறங்கப் பயந்து அவ்வளவு உயரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறாயா?

சண்டை முடிந்துவிட்டது. வியட்நாமிலிருந்து கடைசி ஆட்கள் ஹெலிகாப்டரில் ஏறுவதை டிவியில் காட்டினார்கள். உன் மாமா, "முடிஞ்சிபோச்சி வேணி" என்று சொல்லிவிட்டு டிவியை அணைத்தார். நான் அழுதேன். எந்தச் சண்டைக்குப் போக மாட்டேன் என்று சொல்லாமல் கொள்ளாமல் ஓடினாயோ, அந்தச் சண்டையே ஓடிவிட்டது. இனி உனக்கு அங்கே என்ன வேலை?

விஷயத்துக்கு வருகிறேன். நிவேதிதாவுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? பதினாறு வருஷம் கோயில் கோயிலாக வேண்டிப் பெற்ற பிள்ளை மூளிக் காதோடு நிற்கிறது. உன் மாமாவுக்கு இது புரியவில்லை. "எங்க ஆராய்ச்சிப் பண்ணையில மாட்டுக்குக் காதுல நம்பர் போடற டாக்டர் ஒருத்தரு இருக்காரு. ஒரே அமுக்கு. மாடே கத்தாது" என்கிறார். மல்லாட்டைச் செடிக்கு வரும் பூச்சியைத் தவிர அவருக்கு வேறெதுவும் தெரியாது என்பது உனக்கே தெரியும்.

நீ ஓடியதைக்கூட மன்னித்துவிடுவேன். என் பிரஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டு ஓடினாயே, அதுவும் வெயிட்டை என் அலமாரியிலேயே விட்டுவிட்டு! ஐந்து வருஷமாக அந்த வெயிட்டைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. உனக்கும் உபயோகமில்லை, எனக்கும் உபயோகமில்லை.

சீர்த் தட்டோடு வந்து சேர். குக்கரும் வரட்டும்.

அக்கா


டொராண்டோ
25 மே 1975

மதிப்பிற்குரிய திருமதி மோகனசுந்தரம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சண்டை முடிந்தால் வழக்கும் முடிந்துவிடும் என்று யார் சொன்னார்கள்? நான் எல்லையில் இருக்கிற பஃபலோ பாலத்தில் கால் வைத்தால் பிடித்து உள்ளே தள்ளுவார்கள். ஐந்து வருஷம் வரை போடலாம் என்று வக்கீல் சொல்கிறார். அங்கே தாய்மாமன் மடிக்குப் பதிலாகக் கம்பிதான் இருக்கும்.

நடந்ததெல்லாம் மறந்துவிட்டது போல எழுதியிருக்கிறீர்கள். ஞாபகப்படுத்துகிறேன். நான் படிக்கத்தான் வந்தேன். "கிரீன் கார்டு வாங்கிக்கடா, நல்லது" என்றவர் மாமா. கார்டு வந்த மூன்றாம் நாள், பட்டாளத்தில் பெயர் பதிய வேண்டும் என்று ஒரு பாரம். பாரத்தைக் கண்டால் மாமாவுக்குக் கை சும்மா இருக்காது. எனக்குப் பதிலாக அவரே நிரப்பி, அடிக்கோடு போட்டு, மூன்று பிரதி எடுத்து, நான் காப்பி குடித்து முடிப்பதற்குள் தபாலில் போட்டுவிட்டு வந்தார். பிறந்த தேதி என்ற இடத்தில் பள்ளிச் சான்றிதழில் இருப்பதை அப்படியே எழுதினார். 24 ஏப்ரல் 1945.

நான் பிறந்தது ஜூன் எட்டு. அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், ஜாதகத்துக்குத் தெரியும். 1969 டிசம்பரில் டிவியில் சீட்டுக் குலுக்கல். கண்ணாடி ஜாடிக்குள் கைவிட்டு, வருஷத்தின் நாட்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். எந்தத் தேதி முதலில் வருகிறதோ அந்தத் தேதியில் பிறந்தவன் முதலில் பட்டாளத்துக்கு. இரண்டாவதாக வந்தது ஏப்ரல் 24. ஆகக் கடைசியாக, 366-வதாக வந்தது ஜூன் எட்டு. உலகத்தில் இப்படி ஒரு கொடுமை வேறு யாருக்காவது நடந்திருக்குமா? உண்மையான தேதி இருந்திருந்தால் சண்டை நூறு வருஷம் நடந்தாலும் என்னைத் தேடியிருக்க மாட்டார்கள்.

என்னைப் பள்ளியில் சேர்த்தபோது வாய்க்கு வந்த தேதியைப் போட்டானே அந்தப் பொன்னம்பலம் வாத்தியார், அவன் விளங்குவானா? அந்த ஆள் எங்கே இருந்தாலும் அவன் சோற்றில் தினம் ஒரு கல் கிடக்கட்டும்.

நீங்களும் மாமாவும் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு பட்டாள ஆபீசுக்குப் போனதை நான் மறக்கவில்லை. பன்னிரண்டு கட்டத்தையும் பார்த்துவிட்டு அங்கே வேலை செய்கிற அம்மா, இது என்ன விளையாட்டு, எத்தனை பேர் ஆட வேண்டும் என்று கேட்டாளாம். அதற்குப் பிறகும் மாமா, "சட்டம்னா சட்டம்தான், போயிட்டு வந்துடுடா" என்றார். போய்விட்டு வருவதற்கு அது என்ன பாண்டிச்சேரியா? நீங்களும் பக்கத்தில் நின்று வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் ஓடினேன்.

குக்கரில் இப்போது குடை வைத்திருக்கிறேன்.

தியாகராஜன்


ஜார்ஜியா
26 பிப்ரவரி 1976

மதிப்பிற்குரிய மிஸ்டர் தியாகராஜன் எம்.எஸ். அவர்களுக்கு,

மரியாதை போதுமா? இல்லை, இன்னும் இரண்டு படி அளக்கட்டுமா? ஒன்பது மாதம் பதில் போடாமல் இருந்தது உன் மரியாதைக்கு நான் செய்த மரியாதை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் மாநிலத்துக் கவர்னராக நாலு வருஷம் இருந்தவர் ஒருவர் ஜனாதிபதி தேர்தலுக்கு நிற்கிறார். கவர்னர் என்றதும் நம் ஊரில் மாதிரி ரிப்பன் வெட்டுகிறவர் என்று நினைக்காதே, இங்கே அவர்தான் முதலமைச்சர் மாதிரி. மல்லாட்டை விவசாயி. நம் அப்பா மாதிரியே கிடங்கு வைத்திருக்கிறவர். போன வருஷம் அவர் பெயரைச் சொன்னால் "யார் அது?" என்று கேட்டார்கள். இந்த மாதம் வடக்கே நியூ ஹாம்ப்ஷயரில் ஜெயித்துவிட்டார். அவர் பேச்சு தெற்கத்திப் பேச்சு, வடக்கத்திக்காரர்கள் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். வேர்க்கடலையை நாம் மல்லாட்டை என்றால் மெட்ராஸ்காரர்கள் சிரிப்பார்களே, அது மாதிரி. எனக்கு அதனாலேயே அவரைப் பிடித்துவிட்டது.

காரணம் அதுவல்ல. பட்டாளத்துக்குப் போகாமல் ஓடினவர்களை எல்லாம் மன்னித்துவிடுவேன் என்று அவர் சொல்கிறார். மாமா பேப்பரைப் படித்துக் காட்டியபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் சகுனம் பார்ப்பவள் என்று உனக்குத் தெரியும்.

இங்கிருந்து ஒரு கூட்டம் பஸ் பிடித்துப் போய், பனியில் வீடு வீடாகக் கதவு தட்டி ஓட்டுக் கேட்டது. உன் மாமாவும் போனார்! ஓட்டுப் போட அவருக்கே உரிமை கிடையாது. "உனக்கு ஓட்டில்ல, எனக்கு ஓட்டில்ல, எதுக்கு இந்த வேல?" என்று கேட்டேன். "பாரத்த நெரப்பனது நாந்தானே வேணி" என்றார். மப்ளரைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். பிள்ளைக்குக் காது குத்துவதற்குப் போய், தன் காது விறைத்துத் திரும்பினார். இரண்டு நாள் ஒத்தடம் கொடுத்தேன்.

நானும் சும்மா இல்லை. நம் ஊர் மல்லாட்டை உருண்டை முந்நூறு பிடித்துக் கொடுத்தனுப்பினேன். வெல்லம் கிடைக்கவில்லை, மொலாசஸ் என்று ஒரு பாகு. நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு கிழவருக்கு அதைக் கடித்துப் பல் விழுந்துவிட்டதாம். ஆனாலும் ஓட்டு நம் ஆளுக்குத்தான் என்று சொன்னாராம்.

பொன்னம்பலம் வாத்தியாரைத் திட்டாதே. பெரியவர்.

அக்கா


டொராண்டோ
21 மார்ச் 1976

அக்காவுக்கு,

மாமா பனியில் நடந்தாரா? மாமாவா? பூச்சி பார்க்கிற பூதக்கண்ணாடியும் குடையுமாகத்தான் அவரை என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. காது எப்படி இருக்கிறது என்று கேட்டதாகச் சொல். வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

ஆனால் நீ ஆசையை வளர்த்துக்கொள்ளாதே. எதிர் வீட்டில் நவரட்ணம் என்று யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். பாங்கில் வேலை, பெரிய மீசை, உலக அரசியல் முழுக்க அவர் விரல் நுனியில். காலையில் லிஃப்டில் ஏறினால் தரை வந்து சேர்வதற்குள் மூன்று நாட்டு ஆட்சியைக் கவிழ்த்துவிடுவார். உன் ஆளைப் பற்றிக் கேட்டேன். "கச்சான் விக்கிற ஆளையோ ஐசே சொல்லுறீர்? உவன் வெண்டா நான் இந்த மீசையை வழிச்சுப்போட்டு வேலைக்குப் போறன்" என்றார். கச்சான் என்பது அவர்கள் ஊரில் மல்லாட்டை. உன் ஆள் வென்றால் மீசையை எடுத்துவிடுகிறாராம். அந்த மீசையை அவர் கல்யாணத்துக்குக்கூட ஒதுக்கவில்லையாம், அதனால் யோசித்துத்தான் பந்தயம் கட்டியிருப்பார்.

ஒரு யோசனை. நீங்கள் மூவரும் இங்கே வந்துவிட்டால் என்ன? உங்களை யாரும் எல்லையில் பிடிக்கப் போவதில்லை. ஜெரார்ட் தெருவில் நம் ஊர் நகைக்கடை வந்துவிட்டது. என் மடியும் சும்மாதான் இருக்கிறது. ஒரு சனிக்கிழமையில் வேலை முடிந்துவிடும்.

தியாகு


ஜார்ஜியா
4 ஏப்ரல் 1976

தியாகு,

உனக்குப் புத்தி இருக்கிறதா, இல்லை அதையும் குக்கரில் போட்டு மூடிவிட்டாயா?

தாய்மாமன் சீர் கொண்டுவந்து அக்கா வீட்டு வாசலில் நிற்க வேண்டும். ஆரத்தி எடுத்து நான் உள்ளே கூப்பிட வேண்டும். நானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உன் வாசலுக்கு வந்து, "அய்யா, கொஞ்சம் மடி குடு" என்று கேட்க வேண்டுமா? பிறந்த வீடு இல்லாதவளா நான்? இருக்கிற பிறந்த வீடே நீ ஒருத்தன்தானே. அம்மா இல்லை, அப்பா இல்லை. அந்த ஒருத்தனும் வர மாட்டான் என்றால் எனக்கு யாரும் இல்லை என்று ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகாதா?

இந்த ஊரில் யாருக்குத் தெரியும் என்று கேட்பாய். எனக்குத் தெரியும்.

நீ வரும்வரை காது குத்துவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். பிள்ளை வயதுக்கு வந்தாலும் சரி, கல்யாணமே ஆனாலும் சரி. உன் யாழ்ப்பாணத்துக்காரரிடம் சொல், சவரக் கத்தியைத் தீட்டி வைத்துக்கொள்ளட்டும்.

கிருஷ்ணவேணி


டொராண்டோ
12 செப்டம்பர் 1976

அக்கா,

ஐந்து மாதமாகக் கடிதம் எழுதி எழுதிக் கிழித்தேன். கோபத்தால் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஜூலையில் கட்சி உன் ஆளையே வேட்பாளர் ஆக்கியது. அன்றைக்கு நவரட்ணம் லிஃப்டை விட்டுப் படியில் இறங்கிப் போனார். போன மாதம் உன் ஆள் படைவீரர்கள் மாநாட்டிலேயே போய் நின்று, ஓடினவர்களை மன்னிப்பேன் என்று சொன்னார். சண்டைக்குப் போய்வந்தவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், அத்தனை பேரும் கூச்சல் போட்டார்கள். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். நான் மிசிசாகாவில் ஆபீஸ் முடிந்து காரில் வரும்போது ரேடியோவில் அதைக் கேட்டேன். சாலை ஓரமாக நிறுத்திவிட்டேன். கூச்சல் போட்டவர்கள்மீது எனக்குக் கோபம் வரவில்லை அக்கா. அவர்கள் இடத்தில் நான் இருந்தால் நானும்தான் கத்தியிருப்பேன். ஆனால் எனக்குச் சாக இஷ்டம் இல்லை, யாரையும் கொல்லவும் இஷ்டம் இல்லை. இதை உன்னிடம் ஒரு தரம் சொல்லிவிட வேண்டும் என்று ஆறு வருஷமாக இருந்தது.

பயமாக இருக்கிறது. வர முடியாது என்று இருந்தவரை நிம்மதியாக இருந்தேன். இப்போது பேப்பர் வந்தால் முதலில் உன் ஆளின் பெயரைத் தேடுகிறேன். நாற்பது பேர் வேலை செய்கிற ஆபீசில் ஜார்ஜியாவின் மல்லாட்டை விளைச்சல் எவ்வளவு என்று தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

போன சனிக்கிழமை ஜெரார்ட் தெருவுக்குப் போய் ஒரு ஜோடித் தோடு வாங்கினேன். சிவப்புக்கல். உடனே திட்டாதே, அவர் தோற்றுப்போனால் நானே போட்டுக்கொள்கிறேன்.

பொன்னம்பலம் வாத்தியாரை மட்டும் இன்னும் மன்னிக்க முடியவில்லை. உன் ஆள் மன்னித்தாலும் நான் மாட்டேன்.

தியாகு


ஜார்ஜியா
10 நவம்பர் 1976

தியாகு,

ஜெயித்துவிட்டார்! இந்நேரம் உனக்கும் தெரிந்திருக்கும். எங்கள் தெருவில் வாண வேடிக்கை. மாமா சட்டையை மாற்றிப் பொத்தான் போட்டுக்கொண்டு அப்படியே கடைத்தெரு முழுக்கச் சுற்றினார். நான் உருண்டை பிடித்துத் தெரு முழுக்கக் கொடுத்தேன். இந்தத் தரம் பாகுப் பதம் சரியாக வந்தது, யாருக்கும் பல் விழவில்லை. நிவேதிதா எதற்கென்று தெரியாமலே குதிக்கிறாள். தன் காதைத் தொட்டுக் காட்டி, "மாமா கமிங்" என்று எல்லாரிடமும் சொல்கிறாள்.

ஜனவரியில் பதவி ஏற்றதும் மன்னிப்பு வரும் என்கிறார்கள். நீ வந்துவிடுவாய். வருவதற்கு முன்னால் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இதைப் படித்துவிட்டு வருவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.

அந்தத் தேதியைப் போட்டது பொன்னம்பலம் வாத்தியார் இல்லை. நான்.

அம்மா செத்தபோது உனக்கு இரண்டு வயது, எனக்கு ஒன்பது. உன்னைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்று அப்பா என்னை அஞ்சாம் வகுப்போடு நிறுத்திவிட்டார். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வேலி ஓரம் நிற்பேன். உள்ளே வாய்ப்பாடு சொல்லுவார்கள், நான் வெளியே சொல்லுவேன். நீ என் மூக்குத்தியைப் பிடித்து இழுப்பாய். உன்னைப் பள்ளியில் சேர்த்துவிட்டால் நீயும் உள்ளே, நானும் உள்ளே. அது ஒன்றுதான் என் எண்ணம். அப்பாவும் அதற்குச் சரி என்று சொல்லியிருந்தார்.

ஜூன் ஒன்றாம் தேதி பள்ளி திறந்தது. அப்பா சந்தைக்குப் போய்விட்டார், நான்தான் உன்னை அழைத்துப் போனேன். வாத்தியார், "அஞ்சி வயசு ரொம்பிடுச்சா? ஒரு நாள் கொறஞ்சாலும் அடுத்த வருசந்தான்" என்றார். உனக்கு ஏழு நாள் குறைந்தது. ஏழே நாள், தியாகு. அதற்காக இன்னொரு வருஷம் வேலிக்கு வெளியே நிற்க என்னால் முடியவில்லை. "ரொம்பிடுச்சி சார்" என்றேன். "என்னா தேதி?" என்றார். அவர் தலைக்கு மேலே நாள்காட்டி தொங்கியது. லீவு விட்ட நாளிலிருந்து யாரும் தாள் கிழிக்கவில்லை. ஏப்ரல் 24 என்று இருந்தது. அதைப் பார்த்துப் படித்தேன். அவர் எழுதிக்கொண்டார். அந்த மனுஷர் பாவம், என் தலையைத் தடவி, "தேதியெல்லாம் சரியா சொல்ற, நீயும் படிக்க வாம்மா" என்றார்.

இரண்டு மாதம் போனேன். ஆடியில் பெரிய மனுஷி ஆனேன். அதோடு சரி.

குலுக்கலில் வந்தது நான் நாள்காட்டியில் படித்த அதே ஏப்ரல் 24. ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு பட்டாள ஆபீசுக்கு ஓடியது அதனால்தான். "சட்டம்னா சட்டம்" என்று மாமா சொன்னபோது நான் வாயைத் திறக்காமல் நின்றதும் அதனால்தான். திறந்தால் இது வந்துவிடும் என்று பயந்தேன். நீ ஓடியதில் எனக்குக் கோபமே இல்லை தியாகு. உயிரோடு இருக்கிறாய் என்று தினமும் சாமிக்கு விளக்கேற்றுகிறேன். கோபம் என்று நான் காட்டியதெல்லாம் பயம். குக்கர் போனால் போகிறது என்று அன்றைக்கே நினைத்துவிட்டேன். வேறு எதைச் சொல்லி உன்னைத் திட்டுவது என்று தெரியாமல்தான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

இனி நீ என்னைத் திட்டலாம். வாத்தியாரை விட்டுவிடு.

அக்கா


டொராண்டோ
23 ஜனவரி 1977

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னிப்பு வந்துவிட்டது. பதவி ஏற்ற மறுநாள் முதல் வேலையாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வக்கீலிடம் இரண்டு தரம் கேட்டேன், நான் வரலாமாம். போன வருஷம் இந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டேன், அதனால் மற்றவர்களைப் போலப் பாலத்தில் நடந்தே வரலாமாம். இங்கே வெளியே மூச்சு விட்டால் மீசையில் பனி கட்டுகிறது. மீசை உள்ளவர்களுக்கு. நவரட்ணம் வாக்குத் தவறவில்லை. நவம்பரிலிருந்து பாங்கில் அவரைப் பார்த்துப் புதுப் பையன் என்று நினைக்கிறார்களாம். "மன்னிப்பு உமக்கு, தண்டனை எனக்கோ ஐசே?" என்று கேட்கிறார்.

இரண்டரை மாதம் உனக்குப் பதில் போடவில்லை. நீ என்ன பாடு பட்டிருப்பாய் என்று தெரியும். முதல் மூன்று நாள் உண்மையாகவே கோபம். நாலாம் நாள் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். வேலிக்கு வெளியே நின்று வாய்ப்பாடு சொன்ன இடத்துக்கு வந்ததும் படிக்க முடியவில்லை. அந்த இடுப்பில் இருந்தவன் நான்தானே. மூக்குத்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன், வேறு ஒன்றும் தெரியாமல்.

அந்த ஒரு பொய்யால் நான் எம்.எஸ். வரை படித்தேன். நீ இரண்டு மாதம் படித்தாய். இதில் யார் யாரை மன்னிப்பது? ஜனாதிபதியைக் கேட்டால்கூட அவருக்குத் தெரியாது. பொன்னம்பலம் வாத்தியாரிடம்தான் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். இத்தனை வருஷமாக அவர் சோற்றில் கல் போட்டிருக்கிறேன். ஊர் விலாசத்துக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். எதற்கென்று புரியாமல் மனுஷர் குழம்பப் போகிறார்.

மாசி பிறந்ததும் வருகிறேன். சீர் எல்லாம் தயார். நிவேதிதாவுக்குத் தோடு, பட்டுப் பாவாடை. மாமாவுக்குக் காதை மூடும் தொப்பி. பழம், பூ எல்லாம் அங்கே வாங்கிக்கொள்கிறேன். குடையை எடுத்துவிட்டுக் குக்கரைத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

உனக்குப் புடவை இல்லை. உங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு உண்டா என்று கேட்டு டிசம்பரில் எழுதினேன். உண்டாம். பாரம் அனுப்பியிருக்கிறார்கள். சீர்த் தட்டில் அதையும் வைத்துக் கொண்டுவருகிறேன். பெயர், விலாசம் எழுதிவிட்டேன். பிறந்த தேதியை மட்டும் எழுதவில்லை. நம் வீட்டில் அந்தக் கட்டத்தை நிரப்புகிறவள் நீதான்.

மாமா கையில் மட்டும் அதைக் கொடுத்துவிடாதே.

உன் தம்பி
தியாகு


ஜார்ஜியா
13 மார்ச் 1977

அன்புள்ள தியாகுவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? கட்டைவிரல் ஆறிவிட்டதா? காது குத்தும்போது எல்லாப் பிள்ளைகளும் அழும். தாய்மாமன் கையைக் கடிக்கிற பிள்ளையை இப்போதுதான் பார்த்தேன். குத்த வந்த அந்த நர்ஸ் முதலில் உனக்குத்தானே மருந்து போட்டாள்! நிவேதிதா தோட்டைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். கண்ணாடி முன்னாலிருந்து எழுந்து வர மாட்டேன் என்கிறாள்.

ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றேன். ஆறரை வருஷமாக என்னென்ன திட்ட வேண்டும் என்று வரிசையாக வைத்திருந்தேன், உன் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது. எல்லையில் அந்த அதிகாரி குக்கரைக் குண்டு என்று நினைத்து உன்னை முக்கால் மணி நேரம் உட்கார வைத்ததை நீ சொன்னாயே, அதை நினைத்து நினைத்து மாமா இன்னும் சிரிக்கிறார். "வெயிட் மட்டும் இருந்திருந்தா விட்டிருப்பாங்க" என்கிறார். வெயிட்டைப் போட்டு முதல் விசில் வந்தபோது நான் உள்ளே போய் அழுதேன், உனக்குத் தெரியாது என்று நினைத்தேன். நிவேதிதா உன்னிடம் சொல்லிவிட்டாளாம்.

பாரத்தை ஒரு வாரம் அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தேன். மாமா மோப்பம் பிடித்துவிட்டார். "நானே நெரப்பித் தரேன் வேணி, பேனாகூட எடுத்தாச்சி" என்று பின்னாலேயே சுற்றினார். "நீங்க நெரப்பன பாரத்துக்கு ஒரு ஜனாதிபதியே வந்து மன்னிப்புக் குடுக்க வேண்டியதாப் போச்சி. போதும்" என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டேன். மனுஷர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நானே எடுத்துக்கொண்டு போனேன். என் உண்மையான பிறந்த தேதியைத்தான் எழுதினேன். எழுதும்போது எதிர்ச் சுவரில் நாள்காட்டி இருந்தது, நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. அங்கே இருந்த அம்மா பாரத்தை வாங்கிப் படித்தாள். அந்தக் கட்டத்துக்கு அவள் விரல் வந்தபோது பயந்தேன். முப்பத்தொன்பது வயது என்று தெரிந்ததும் அடுத்த வருஷம் வா என்பாளோ, வயது கூடிவிட்டது என்பாளோ என்று.

அவள் முத்திரையைக் குத்திவிட்டு, "திங்கட்கிழமை வாங்க" என்று சொன்னாள். அவ்வளவுதான்.

நாளைக்குத் திங்கட்கிழமை. வாய்ப்பாடு எனக்கு இன்னும் பதினாறு வரை மறக்கவில்லை.

அக்கா